பிஹெச் குதிக்குதுங்ளா? மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி மோந்து வைங்க

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மீன்தொட்டி

இந்தத் தடவ வந்த கேள்வி எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சங்கதிதானுங்க. கடல்மீன் தொட்டில மாட்டுன சென்சார் கண்டபடி காட்டுது, எத நம்பறது எத விடறதுன்னு. ஒண்ணு முன்னாடியே சொல்லீடறேன், நம்ம கொங்குப் பக்கம் உப்புத்தண்ணின்னா அது போர் தண்ணி, நல்லதண்ணின்னா குழாய்ல வர்ற ஆத்துத்தண்ணி, அதனால கொழப்பம் வேண்டாம்னு கீழ எல்லா எடத்துலயும் கடல்தண்ணின்னே எழுதறேன்.

கேள்வி (சோமனூர் வாசகர்): ஏனுங்க, எங்கூட்டு ஆசாரத்துல 150 லிட்டர் தொட்டி, க்ளவுன் மீன் ஒரு ஜோடியும் க்ளீனர் எறா ஒண்ணும் இருக்குது. பிஹெச் ப்ரோப் (தண்ணியோட அமில-கார அளவு பாக்கற சென்சார் குச்சி) மாட்டி ஆறு மாசமாச்சு, சாதாரணமா 8.1 காட்டும். ஊட்ல கிரைண்டர் போட்டா 8.6க்குத் தாவுது, நிறுத்துனா மறுபடி எறங்கீருது. பக்கத்துலயே தறிக்குடோன் வேற, அங்க தறி ஓட ஆரம்பிச்சாலும் நம்பர் ஆடுது. ப்ரோப் போயிருச்சுங்களா, புதுசு வாங்கீரட்டுமா?

பதில்: வாங்காதீங்க. மாவாட்டும்போது ஏறி, நிறுத்துனதும் எறங்குதுன்னா தண்ணியோட பிஹெச் அப்படி மாறவே மாறாது, அது கரண்ட் சம்பந்தப்பட்ட வேலைதான். தண்ணில பிஹெச் நெசமா அரைப் புள்ளி ஏறிச்சுன்னா கிரைண்டர் நிறுத்துன அடுத்த நிமிசம் எறங்காதுங்க.

ஏன் இப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பிஹெச் ப்ரோபோட நுனில இருக்கற அந்த கண்ணாடிக் குமிழ் ஒரு துளியூண்டு வோல்டேஜ்தான் தருது, 7ல கிட்டத்தட்ட சைபர், அங்கிருந்து ஒவ்வொரு பிஹெச்சுக்கும் 25 டிகிரில சுமார் 59 மில்லிவோல்ட். அதுவும் கண்ணாடி வழியா வரணும், கண்ணாடியோ கரண்ட விடாத சாமான், அதனால அந்த சிக்னலுக்கு பலமே கெடையாது. 1934ல அமெரிக்கால ஆர்னால்ட் பெக்மன்னு ஒரு வேதியியல்காரர் எலுமிச்சம்பழச் சாறோட புளிப்ப அளக்கறதுக்காக மீட்டர் செஞ்சப்ப அவருக்கும் இதே தொந்தரவுதான், கண்ணாடி வழியா வர்ற சிக்னல் சாதா மீட்டர் முள்ளையே அசைக்காது, அப்புறம் வேக்வம் ட்யூப் வெச்சு அத பெருக்கித்தான் அளந்தாரு. இன்னிக்கு உங்க கன்ட்ரோலர் (ப்ரோப சொருகி நம்பர் பாக்கற பெட்டி) உள்ளயும் அதே பெருக்கற வேலைதான் நடக்குது, சிக்னலப் பெருக்கறப்ப கூடச் சேந்து வர்ற குப்பையையும் சேத்துப் பெருக்கீருது. உங்க நம்பர் அரைப் புள்ளி தாவுனதுக்கு முப்பது மில்லிவோல்ட் போதும், கிரைண்டர் மோட்டாருக்கும் தறி மோட்டாருக்கும் அது ஒரு விசயமே இல்ல.

இப்ப டம்ளர் சோதனை. தொட்டில இருந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல (எவர்சில்வர் வேண்டாம்) தண்ணி மோந்து, தொட்டியத் தொடாம பக்கத்துல ஒரு மரப்பலகைல வெச்சு, ப்ரோப மட்டும் எடுத்து அதுல விடுங்க. கிரைண்டர போடச் சொல்லுங்க. நம்பர் ஆடாம நின்னா, கரண்ட் தொட்டித் தண்ணி வழியா வருதுன்னு அர்த்தம், ஹீட்டரோ பம்போ எதோ ஒண்ணு தண்ணிக்குள்ள கசியுது. டம்ளர்லயும் தாவுச்சுன்னா தண்ணி மேல குத்தமில்ல, ஒயர் வழியாவோ கன்ட்ரோலரோட அடாப்டர் வழியாவோ வருது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, அதனாலதான் இந்த டம்ளர மொதல்ல வைக்கச் சொல்றேன்.

தண்ணி வழியான்னா ஒவ்வொரு ப்ளக்கா புடுங்கிப் பாருங்க, மொதல்ல ஹீட்டர், அப்புறம் ரிட்டர்ன் பம்ப், அப்புறம் வேவ்மேக்கர், எத புடுங்குனா நம்பர் அடங்குதோ அதான் கள்ளன். பெரும்பாலும் ஹீட்டரோட கண்ணாடில மயிரிழை கீறல் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. அத ஒட்டி கிட்டி வெச்சு ஓட்டலாம்னு பாக்காதீங்க, தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க. தொட்டிக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி எல்லா ப்ளக்கையும் புடுங்கீருங்க, சுவிட்ச் ஆஃப் பண்ணுனா மட்டும் பத்தாது. தொட்டி லைனுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா லைன வெட்டற சுவிட்ச்) ஒண்ணு போட்டே ஆகணும், கடல்தண்ணி கரண்ட அப்படியே கடத்தும், ஊட்ல கொழந்தைங்க இருக்கும். அப்புறம் எர்த். உங்க பக்கம் கோடைல மண்ணு காஞ்சு வெடிச்சுப் போகுது, எர்த் குழியும் காஞ்சுரும், காஞ்ச குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். எலக்ட்ரீசியன வெச்சு அளந்து பாத்து, குழிக்கு தண்ணி ஊத்தறத பழக்கம் பண்ணிக்குங்க.

ஒயர் வழியான்னா அது சுளுவுங்க. ப்ரோப் ஒயரையும் பவர் ஒயரையும் ஒண்ணா சேத்து டேக் போட்டுக் கட்டீருப்பீங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா அதான் வினை. ரெண்டையும் ஒரு சாண் தள்ளிப் பிரிச்சு விடுங்க, குறுக்க போயே ஆகணும்னா நேர் குறுக்கா தாண்டட்டும், பக்கத்துலயே கூட ஓடக்கூடாது. ப்ரோப் ஒயர கன்ட்ரோலர்ல சொருகற பிஎன்சி கனெக்டர கழட்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா உப்பு பூத்திருக்கும், டிஸ்டில்டு வாட்டர்ல தொடச்சு நல்லா காய வெச்சு மாட்டுங்க, ஈரம் கொஞ்சம் இருந்தாக்கூட அந்த பலமில்லாத சிக்னல் அங்கயே ஒழுகீரும். கன்ட்ரோலர் அஞ்சு வோல்ட்ல ஓடறதுன்னா ஒரு மணி நேரம் பவர்பேங்க்ல ஓட்டிப் பாருங்க, அதுல நம்பர் நின்னா அடாப்டர மாத்துங்க, அவ்வளவுதான். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடறப்ப மட்டும் நம்பர் ஆடுதுன்னு சில பேர் எழுதறாங்க, அதுக்கும் இதே பதில்தான், விலை கம்மியான இன்வெர்ட்டர் தர்ற கரண்ட் சுத்தமா இருக்காது.

கேள்வி (கோபி வாசகி): மாரியம்மன் நோம்பிக்கு ஊடு நெறைய ஒறம்பரை வந்திருந்தாங்க. மூணு நாளா பிஹெச் 8.2ல இருந்து 7.8, 7.7னு எறங்கிட்டே போச்சு. சென்சார கேலிப்ரேட் பண்ணி (அளவு தெரிஞ்ச கரைசல்ல விட்டு செட் பண்ணி) பாத்துட்டேன், மறுபடி அதேதான் காட்டுது. கடைல பிஹெச் ஏத்தற பஃபர் பவுடர் ஊத்தச் சொல்றாங்க, ஊத்தலாங்களா? மீனெல்லாம் நல்லாத்தான் இருக்குது.

பதில்: ஊத்தாதீங்க அம்மிணி. கைல எடுத்திருந்தா மூடி வெச்சிருங்க. உங்க கேள்விக்குள்ளயே பதில் இருக்குது, ஒறம்பரை வந்திருந்தாங்கன்னு எழுதீருக்கீங்க பாருங்க, அதான் காரணம்.

இருவது பேரு ஒரே ஊட்ல படுத்துத் தூங்கி, கொசுவுக்காக சன்னலெல்லாம் சாத்தி, அடுப்பு நாள்பூரா எரிஞ்சா அந்தக் காத்துல கார்பன் டை ஆக்சைடு எச்சாயிரும். வெளிக்காத்துல சுமார் 420 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 420 பங்கு) இருக்குது, அடைச்ச ரூம்ல ஆயிரத்தத் தாண்டறது சாதாரணம். அது தொட்டித் தண்ணில கரைஞ்சு கார்பானிக் அமிலமாகும், பிஹெச் எறங்கும். அதனால உங்க சென்சார் பொய் சொல்லலீங்க, மீனப் பத்தி சொல்றதா நாம நெனைக்கறோம், அது ஊட்டுக் காத்தப் பத்தி சொல்லிட்டு இருக்குது. தெனமும் காத்தால கம்மியாவும் பொழுதோட எச்சாவும் காட்டறதும் இதே கணக்குதான், பகல்ல லைட் வெளிச்சத்துல பாசி அந்த வாயுவ இழுத்துக்குது, ரவைக்கு எல்லாமே மூச்சு மட்டும் விடுது. 7.8க்கும் 8.3க்கும் நடுவுல ஆடுனா நான் கவலையே பட மாட்டேன்.

உறுதி பண்ணிக்கணும்னா இதுக்கும் ஒரு டம்ளர்தான். தொட்டித் தண்ணி ஒரு டம்ளர் மோந்து மொட்டமாடிக்கு எடுத்துட்டுப் போயி, பேட்டரில ஓடற சின்ன ஏர் பம்ப்ப வெச்சு ஒரு மணி நேரம் குமிழ் விட்டுட்டு பிஹெச் பாருங்க. ஏறிச்சுன்னா ஊட்டுக் காத்துதான் காரணம். சன்னலத் தொறந்து விடுங்க, ஸ்கிம்மர் (குமிழ் விட்டு அழுக்க நுரையா எடுக்கற கருவி) காத்து இழுக்கற ட்யூப நீட்டி சன்னலுக்கு வெளிய விடுங்க, அது ஒண்ணே பெரிய வித்தியாசம் காட்டும். வெளிய வெச்சும் ஏறலீன்னா அப்பத்தான் கேஹெச் டெஸ்ட் கிட் எடுத்து கார்பனேட் அளவப் பாக்கணும். கடல்ல அது ஏழு டிகிரி (சூடு இல்லீங்க, கேஹெச் அளவுக்கும் டிகிரின்னுதான் பேரு) சுமாருக்கு இருக்குது, தொட்டில ஏழுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல ஆடாம ஒரே அளவா இருந்தா போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா நானே ஒருக்கா இந்தத் தப்பப் பண்ணி இழந்திருக்கேனுங்க. மொதத் தொட்டி வெச்சு ரெண்டாவது வருசம், ப்ரோப் 7.7 காட்டுச்சு, நான் கேஹெச் பாக்கவே இல்ல, நம்பர மட்டும் பாத்து நாலு நாள் பஃபர் பவுடர் போட்டேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறும், ரவைக்குள்ள மறுபடி எறங்கீரும், நானும் மறுபடி போடுவேன். அஞ்சாம் நாள் காத்தால பாத்தா தொட்டி பால் ஊத்துன மாதிரி வெளுத்துக் கெடக்குது, கார்பனேட் அளவு மீறிப்போயி கால்சியம் அப்படியே திரிஞ்சு விழுந்திருக்குது. எறா ரெண்டும் அன்னிக்கே போச்சு, மஷ்ரூம் பவளம் ஒரு வாரத்துல கரைஞ்சு போச்சு, பெரிய க்ளவுன் மீன் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிட்டே இருந்துச்சு, பொழுதோட அதுவும் போயிருச்சு. அப்புறம் பாத்தா ப்ரோப் வாங்கி ரெண்டு வருசம் ஆகப்போகுது, வயசாகி தப்பாக் காட்டியிருக்குது, நெசத்துல தண்ணி நல்லாத்தான் இருந்திருக்குது. அன்னில இருந்து ஒரு நம்பர மட்டும் பாத்து தொட்டில எதையும் ஊத்தறதில்ல, ரெண்டாவதா வேற ஒரு வழில அளந்து ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கை வைப்பேன்.

கேள்வி (பல்லடம் வாசகர்): பேனா மாதிரி இருக்கற பிஹெச் மீட்டர், கூட வந்த பவுடர் பாக்கெட்ல 7க்கு செட் பண்ணுனேன். டெஸ்ட் கிட்டோட பாத்தா எப்பவும் கொஞ்சம் எச்சாவே காட்டுது.

பதில்: பாக்கெட் மேல எழுதீருக்கறத மறுபடி படிங்க. நம்ம கடைங்கள்ல கெடைக்கற மலிவுப் பாக்கெட் நெறைய 6.86, 9.18, 4.00 அப்படின்னுதான் வருது, 7.00 இல்ல. நீங்க 6.86 தண்ணில விட்டு 7.00னு செட் பண்ணியிருந்தா பொறப்புலயே 0.14 எச்சா காட்டும். கடல்தண்ணிக்கு 6.86ம் 9.18ம் இல்லீன்னா 7ம் 10ம், இந்த ரெண்டு புள்ளிலயும் செட் பண்ணணும், 4 நமக்கு ஆகாது, நம்ம தண்ணி அந்தப் பக்கம் போறதே இல்ல. டிஸ்டில்டு வாட்டர்ல கரைங்க, குழாத்தண்ணில வேண்டாம். கரைச்சத ஒருக்கா உபயோகிச்சா திருப்பி பாட்டில்ல ஊத்தாதீங்க, அதுலயும் 10 கரைசல் தொறந்து வெச்சா காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்து தானா எறங்கீரும்.

ப்ரோப சும்மா இருக்கறப்ப ஆர்ஓ தண்ணில ஊற வெக்கறவங்க நெறைய, அது தப்புங்க, உள்ள இருக்கற உப்பு வெளிய போயிரும். பொட்டாசியம் குளோரைடு 22 கிராம், 100 மில்லி கரைசல் வர்ற அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர், அதுல வைங்க, அது கெடைக்கற வரைக்கும் தொட்டித் தண்ணியே பரவால்ல, ஆனா காய விடாதீங்க. நுனில வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சா வினிகர்ல பத்து நிமிசம் ஊற வெச்சு அலசுனா போதும், துணி வெச்சுத் தேய்க்க வேண்டாம். மீட்டர் மில்லிவோல்ட் காட்டும்னா 10 கரைசல்ல மைனஸ் 177 சுமாருக்கு வரணும், 150க்குக் கீழ வந்தா ப்ரோபுக்கு வயசாயிருச்சு, ஒண்ணு ரெண்டு வருசந்தான் அதோட ஆயுசு.

கேள்வி (பெருந்துறைல இன்ஜினியரிங் படிக்கற மாணவர்): அண்ணா, ஆர்டுயினோ போர்டுல டிஎஸ்18பி20ங்கற சூடு அளக்கற சென்சார் வெச்சு நானே டெம்பரேச்சர் கன்ட்ரோலர் செஞ்சேன். 27 டிகிரி காட்டிட்டே இருக்கும், திடீர்னு 85 காட்டும், சில நேரம் மைனஸ் 127. தொட்டில ஒரு தடவ 33 டிகிரி ஆயிருச்சு, மீன் தப்பிச்சுது.

பதில்: தம்பி, மீன் தப்பிச்சதே பெருசு. அந்த ரெண்டு நம்பரும் சூடே இல்ல. 85ங்கறது அந்தச் சிப்புக்கு கரண்ட் வந்த ஒடனே, இன்னும் அளக்கறதுக்கு முன்னாடி, அது வெச்சிருக்கற ஆரம்ப நம்பர். நடுவுல 85 வந்துச்சுன்னா சென்சாருக்குப் போற கரண்ட் ஒரு நொடி விட்டுப்போயி திரும்ப வந்திருக்குது, இல்லீன்னா அளந்து முடிக்கறதுக்குள்ள படிச்சிருக்கற, 12 பிட்ல அளக்க முக்கால் நொடி ஆகும். மைனஸ் 127ங்கறது சென்சாரே கெடைக்கலன்னு உன்ற ப்ரோகிராம்ல இருக்கற லைப்ரரி சொல்றது. ரெண்டுக்குமே மொதல்ல ஜாயின்ட்டப் பாரு, கடல்தண்ணி தொட்டிக்கு மேல சும்மா டேப் சுத்துன ஜாயின்ட் ஒரு மாசத்துல பச்சை புடிச்சுரும். 4.7 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர் போட்டிருக்கியா, ஒயர் ரொம்ப நீளமான்னும் பாத்துக்க.

அதவிட முக்கியம் உன்ற ப்ரோகிராம். மைனஸ் 127 வந்தா உன்ற ப்ரோகிராம் தண்ணி ஒறஞ்சு கெடக்குதுன்னு நெனச்சு ஹீட்டரப் போட்டு விட்டிருக்குது, அதான் 33. இருவதுக்குக் கீழயோ முப்பத்தஞ்சுக்கு மேலயோ எது வந்தாலும் நம்பாம தூக்கிப் போடற மாதிரி எழுது, அஞ்சு தடவ படிச்சு நடுவுல இருக்கற நம்பர எடு, தொடர்ந்து தப்பாவே வந்தா ஹீட்டர அணைச்சுட்டு பஸ்ஸர் அடிக்கட்டும். நம்ம ஊர் தட்பவெப்பத்துக்கு ஹீட்டர் ஒரு ராத்திரி அணைஞ்சு கெடந்தா மீன் தாங்கும், ஒரு ராத்திரி எரிஞ்சா தாங்காது. அந்த ஸ்டீல் குப்பிய நேரா கடல்தண்ணில விடாத, துருப்புடிச்சு இரும்பு கலக்கும், அடி மூடுன கண்ணாடி டெஸ்ட் ட்யூப்ல போட்டு விடு. அந்தச் சென்சார் அரை டிகிரி முன்னப்பின்ன காட்டும், அது அதோட கணக்குலயே இருக்கறது, அதுக்காக அலையாத. ஐஸ் நெறையப் போட்ட தண்ணில விட்டு சைபர் பக்கம் காட்டுதான்னு ஒரு தடவ பாத்துக்க.

கேள்வி (வடவள்ளி வாசகர்): சாலினிட்டி (உப்பளவு) ப்ரோப் 31 காட்டுது, ரிஃப்ராக்டோமீட்டர் (வெளிச்சம் வளையறத வெச்சு உப்பு பாக்கற கருவி) 35 காட்டுது. எதுங்க நெசம்? ஊட்ல தண்ணி பாக்க வாங்குன டிடிஎஸ் பேனா இருக்குது, அதுல பாக்கலாங்களா?

பதில்: டிடிஎஸ் பேனா இதுக்கு ஆகாதுங்க, அது போர் தண்ணி அளக்கறதுக்கு செஞ்சது, பத்தாயிரம் பிபிஎம்முக்குள்ளயே நின்னுரும், கடல்தண்ணி முப்பத்தஞ்சாயிரம். அந்தப் பேனாவ தொட்டிக்கு ஊத்தற ஆர்ஓ தண்ணி சைபர் பக்கம் இருக்குதான்னு பாக்க வெச்சுக்குங்க. சிறுவாணித் தண்ணி குடிக்க எவ்வளவு ருசியா இருந்தாலும் குழாய்ல வர்றதுல குளோரின் இருக்கும், அப்படியே ஊத்தாதீங்க.

ப்ரோப் கம்மியா காட்டறதுக்கு பெரும்பாலும் குமிழ்தான் காரணம். அந்த நுனில ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கற தண்ணி எவ்வளவு கரண்ட் கடத்துதுங்கறதத்தான் அது அளக்குது, அங்க காத்துக் குமிழ் ஒட்டுச்சுன்னா அந்த எடத்துல தண்ணி இல்லீன்னு ஆகி நம்பர் எறங்கும். ஸ்கிம்மர் பக்கம் இருந்து தள்ளி, குமிழ் இல்லாத எடத்துல மாட்டி, மாட்டறப்ப நாலு தட்டு தட்டி விடுங்க. அப்பவும் 31தான்னா கேலிப்ரேஷன் தண்ணி எடுங்க, 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கடல்தண்ணி 25 டிகிரில 53 மில்லிசீமென்ஸ் (கரண்ட் கடத்தற அளவு) காட்டணும். டிகிரிக்கு ரெண்டு சதவீதம் கிட்ட மாறும், அதனால பாக்கெட்ட தொட்டித் தண்ணில அரை மணி நேரம் மெதக்க விட்டு சூடு சமமானப்புறம் செட் பண்ணுங்க.

ரிஃப்ராக்டோமீட்டரையும் கண்ண மூடிட்டு நம்ப வேண்டாம். ஆர்ஓ தண்ணில சைபர் வெச்சா 35 சரியா இருக்கும்னு சொல்ல முடியாது, அளக்கற எடத்துக்குப் பக்கத்துலதான் செட் பண்ணணும். ஊட்லயே செய்யலாம், தூள் உப்பு 73 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 1927 கிராம், ரெண்டையும் நிறுத்து (நகைக்கடைத் தராசு மாதிரி நுணுக்கமா காட்டற சின்ன டிஜிட்டல் தராசு கெடைச்சா உப்ப அதுல நிறுங்க) கரைச்சீங்கன்னா, அந்தத் தண்ணி ரிஃப்ராக்டோமீட்டர்ல 35 பிபிடி கடல்தண்ணி மாதிரியே தெரியும். இந்தத் தண்ணிய ப்ரோபுக்கு ஊத்தாதீங்க, இது வெளிச்சம் வளையறதுக்கு மட்டும் ஒத்துப்போகும், கரண்ட் கடத்தறது வேற கணக்கு.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): ஆனி ஆடில மட்டும் சாலினிட்டி ஏறிட்டே போகுது, தானா தண்ணி ஊத்தற ஏடிஓ இருந்தும். சென்சார் கோளாறுங்களா?

பதில்: ரெண்டு விசயம் பாருங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உங்க பக்கம் அடிக்கற அடிக்கு சன்னல் தொறந்திருந்தா தொட்டித் தண்ணி சீக்கிரம் வத்தும், தண்ணிதான் ஆவியாகும், உப்பு தொட்டிலயே நின்னுரும், அதனால சாலினிட்டி ஏறறது நெசமாவே ஏறறதுதான். ஏடிஓ ஓடியும் ஏறுச்சுன்னா அதோட லெவல் சென்சார கிட்ட போயிப் பாருங்க, வெளிச்சத்துல வேலை செய்யற சென்சார்னா மேல உப்பு பூத்திருக்கும், இல்ல ஒரு நத்தை ஏறி உக்காந்திருக்கும், சென்சாருக்குத் தண்ணி இருக்கற மாதிரியே தெரியும், பம்ப் ஓடாது. நத்தைய எடுத்து பாறைல விட்டுட்டு, சென்சார வினிகர் தொட்ட பஞ்சுல தொடச்சு அலசி மாட்டுங்க. மெதவை சென்சார்னா அது சிக்கி நின்னு விடிய விடிய ஆர்ஓ தண்ணிய ஊத்திரும், அதனால கேனுக்குள்ள ஒரே நாளைக்குத் தேவையான தண்ணி மட்டும் வைங்க. ஏறுன உப்ப ஒரேயடியா எறக்க வேண்டாம், நாளைக்கு ஒரு பிபிடி வீதம் எறக்குங்க.